பெட்டியில் கட்டிய சிவப்பு அட்டை

என் கணவர் எதைக் கண்டாலும் அட்டை கட்டுகிறவர். முப்பத்தோரு வருடம் கொதிகலன், சுடுதண்ணீர் ஹீட்டர், கேஸ் குழாய் என்று பழுதுபார்த்தே காலம் தள்ளியவர். ஒரு வால்வை மூடினால் போதும், உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுப்பார். எதை மூடியிருக்கிறது, ஏன், யார் மூடியது என்று எழுதுவார். மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுவார். கட்டினவர் கையால்தான் அதைக் கழட்ட வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அது அவர்கள் தொழில் விதி. அதுவே எங்கள் வீட்டு விதியாகவும் ஆனது என் தலையெழுத்து.

இஸ்திரிப் பெட்டியின் ஒயர் லேசாகப் பிரிந்தால் அதில் ஒரு அட்டை. மாடிப்படியில் ஒரு கல் ஆடினால் கைப்பிடியில் ஒரு அட்டை. எனக்கு ஒரு தடவை தொண்டை கட்டிக்கொண்டபோது, "கழுத்துல ஒண்ணு கட்டி விட்டுடவா, யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க வீடு நிம்மதியாக இருந்தது என்று பக்கத்து வீடுகளில் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கேற்ற சேட்டை. ஆனால் சிவப்பு அட்டையைக் கண்டால் மட்டும் மூன்று வயதிலேயே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். "அட்டை இருந்தா தொடாதே, அட்டை இல்லன்னா பயப்படாதே" என்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் பாதியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டாம் பாதியை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன வருடம் எங்கள் இருவருக்கும் வெளிநாட்டில் ஒன்பது மாத வேலை கிடைத்தது. குளிர்மலை ஒன்றின் மேல் ஒரு தங்கும் விடுதி. கணவன் மனைவியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் வேலை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அவருக்குக் கொதிகலன், எனக்குப் படுக்கை விரிப்புகள். இருநூறு விரிப்பு, இருநூறு தலையணை உறை, தினமும் துவைத்து, காயவைத்து, மடித்து, அடுக்கி. அங்கே போயும் அவர் அட்டை கட்டுவதை விடவில்லை. அந்த ஊர்ச் சமையல்காரர் அவருக்கு 'சிவப்பு மனுஷர்' என்று பெயரே வைத்துவிட்டார்.

சொல்ல வந்தது அதுவல்ல. நாங்கள் கிளம்பிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முன்பொரு தடவை நாங்கள் இரண்டு வாரம் ஊரில் இல்லாதபோது, குளியலறை ஹீட்டரின் புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டிவிட்டது. அதிலிருந்து, நீண்ட நாள் வெளியே போகும்போதெல்லாம் அவர் கூரைமேல் ஏறி, புகைக்குழாயின் வாயில் ஒரு பழைய ஸ்வெட்டரைச் சுருட்டி அடைத்துவிடுவார். கீழே இறங்கி ஹீட்டரின் கேஸ் வால்வை மூடுவார். வால்வில் அட்டை கட்டுவார். திரும்பி வந்ததும் எங்கள் பக்கத்துப் பெயின்ட்டரிடம் ஏணி இரவல் வாங்கி வந்து, ஸ்வெட்டரை உருவிவிட்டு, தன் கையாலேயே அட்டையைக் கழட்டுவார்.

அன்றைக்கும் அப்படியே கட்டியிருந்தார். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டி இரண்டும் கறுப்பு. ஊரில் பாதிப் பேர் பெட்டி கறுப்புதான். விமான நிலையத்தில் அடையாளம் தெரிய ஏதாவது பளிச்சென்று கட்டலாம் என்று ரிப்பன் தேடினேன், கிடைக்கவில்லை. கை கழுவக் குளியலறைக்குள் போனேன். எதிரே சிவப்பாக அது தொங்கியது.

படித்தேன். படிக்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'குளியலறை ஹீட்டர். புகைக்குழாய் அடைத்திருக்கிறது. திறக்காதே' என்று இருந்தது, கீழே அவர் கையெழுத்து. வீட்டில்தான் யாருமே இல்லையே, யார் திறக்கப் போகிறார்கள், திரும்பி வரும்போது இந்த மனுஷன் கூடத்தானே வருவார் என்று நினைத்தேன். கம்பி முறுக்கு இறுகியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டினேன். ஒரு துண்டுக் கம்பி வால்விலேயே நின்றுபோனது. அட்டையை எழுத்து உள்பக்கம் இருக்கிற மாதிரி என் பெட்டிக் கைப்பிடியில் நூலால் சுற்றிக் கட்டினேன்.

அங்கே போய் இறங்கியதும் அவர் கவனித்துவிட்டார். "பரவாயில்லையே! மேசைக்குள்ள இருக்கற கட்டுல இருந்து ஒண்ணு எடுத்துக் கட்டிட்டியா?" என்று சிரித்தார். வெற்று அட்டைகளை அவர் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்.

"ஆமா" என்றேன்.

அவர் திட்டுவாரே என்று சொன்ன பொய். அதற்குப் பிறகு பெட்டி ஒன்பது மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது, நான் சொன்ன பொய்யும் அங்கேயே கிடந்தது.

திரும்புகிற நாளன்று விடுதி வாசலில் பெட்டிகளோடு எங்களை நிற்கவைத்துச் சமையல்காரர் ஒரு போட்டோ எடுத்தார். அதை வாலுவுக்கு அனுப்பினேன். அவள் வேறு ஊரில் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், கண்ணாடிக்கு அளவு எடுக்கிற வேலை. ரயிலில் வந்தால் ஆறு மணி நேரம். லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்று மூக்கால் அழுதிருந்தாள்.

விமானம் இறங்கும்போது காலை பத்தரை மணி. வரிசையில் நின்று, முத்திரை குத்தி வாங்கி, பெட்டி வரும் இடத்துக்கு வந்துதான் போனை உயிர்ப்பித்தேன். வாலுவின் குரல் வந்து கிடந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, சர்ப்ரைஸ்! நான் எங்க இருக்கேன் தெரியுமா? நம்ம வீட்டுல! லீவு கிடைச்சிடுச்சு, காலைல வந்துட்டேன். அய்யோ, தூசின்னா தூசி, என் தலையைப் பார்த்தா நீயே பயந்துடுவே. எல்லாம் துடைச்சாச்சு. இப்ப சுடச்சுட ஒரு குளியல் போடப் போறேன். நீங்க வர்றதுக்குள்ள பளபளன்னு நிப்பேன். சீக்கிரம் வாங்க!"

எனக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா என் பொண்ணை!" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே, பெல்ட்டில் சுற்றி வந்த என் பெட்டியை இழுத்து இறக்கினார். பயணத்தில் நூல் பாதி அறுந்து அட்டை திரும்பிக்கொண்டிருந்தது. எழுத்து வெளியே தெரிந்தது.

அவர் குனிந்தபடியே நின்றார். அட்டையை இரண்டு விரலால் பிடித்து ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"இது ஹீட்டர் அட்டை" என்றார்.

நான் அறுந்து தொங்கிய நூலைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் வெட்டி எடுத்தேன்" என்றேன். "அவசரத்துல... அடையாளத்துக்கு... வீட்டுல யாரும் இல்லையேன்னு..."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். "போனைப் போடு" என்றார், அவ்வளவுதான்.

அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அவள் குரல் வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

புகைக்குழாய் அடைத்திருக்கும்போது ஹீட்டரைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று முப்பது வருடமாக அவர் சொல்லிக் கேட்டவள் நான். புகை வெளியே போக வழியில்லாமல் குளியலறைக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கண் எரியாது, இருமல் வராது. தலை லேசாக வலிக்கும், கால் துவளும், ஓரமாக உட்காரலாம் போலிருக்கும். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். ஒரு சலவைக்கூடத்தில் எவனோ அட்டையைக் கழட்டிப்போட்டதால் அவருடைய கூட்டாளி ஒருவர் அப்படித்தான் போனார். அந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "ஆரம்பிச்சுட்டீங்களா" என்று நான் எழுந்து போயிருக்கிறேன்.

டாக்ஸியில் ஏறியதும் அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வீட்டு விலாசத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருடைய வேலைக் குரல் அது. வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எங்களுக்கும் ஒரு மணி நேரப் பாதை.

டாக்ஸிக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து, "வெளிநாடெல்லாம் எப்படிங்க? நல்லா சுத்திப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, எங்க பொண்ணு வீட்டுல ஆபத்துல இருக்கா. கொஞ்சம் வேகமா போங்க" என்றேன். வண்டி பறந்தது.

எதிர்வீட்டு டெய்லருக்கு அடித்தேன். அவர் கடையும் வீடும் ஒன்றுதான், தெருவைத் தாண்டினால் எங்கள் வாசல்.

"அக்கா! எப்ப வந்தீங்க? பாப்பா காலைலயே வந்துடுச்சே, பார்த்தேனே!"

"தம்பி, உடனே ஓடிப்போய் எங்க வீட்டுக் கதவைத் தட்டு. போனை வெச்சுடாதே, கையிலயே வெச்சுக்க."

தையல் மிஷின் நிற்கிற சத்தம், செருப்புச் சத்தம், எங்கள் வாசல் மணி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மணி ஒன்று, இரண்டு, மூன்று. "பாப்பா! பாப்பா!" என்று டெய்லர் கூப்பிட்டார். பதில் இல்லை.

"உள்பக்கம் தாழ் போட்டிருக்குக்கா. திறக்க மாட்டேங்குது. பக்கத்துச் சந்துல குளியலறையில தண்ணி ஓடற சத்தம் கேக்குது. பாப்பா குளிச்சிட்டு இருக்கும் போல."

அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "தம்பி, அந்தக் குளியலறை ஜன்னலை உடை. இப்பவே உடை."

"சார்... பொண்ணு குளிக்கிற இடத்துல போயி நான் எப்படி சார் ஜன்னலை..."

"உடைடா!"

முப்பது வருடத்தில் அவர் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. டெய்லரும் கேட்டிருக்கமாட்டார். "இருங்க சார், என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரேன். அவ எட்டிப் பார்க்கட்டும்" என்று ஓடினார். போன் அணையவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது. அந்தத் தண்ணீருக்கடியில் என் பெண் எப்படிக் கிடப்பாள் என்று மனம் ஓடிற்று. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. பிறகு டெய்லரின் மனைவி குரல், ஸ்டூல் இழுக்கும் சத்தம், "கம்பியைக் குடு, கம்பியைக் குடு" என்ற கத்தல், கண்ணாடி உடையும் சத்தம். யாரோ "அய்யோ!" என்றார்கள்.

அதோடு போன் அணைந்துவிட்டது.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பத்து தடவை அடித்திருப்பேன். எதற்கு 'அய்யோ' என்றார்கள்? என்னத்தைப் பார்த்து 'அய்யோ' என்றார்கள்? அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை எடுக்கவுமில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை.

அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, இரண்டு பஸ். ரயில் வரும் சுவடே இல்லை. டாக்ஸிக்காரர் இறங்கிப் போய் கேட்காரரிடம் ஏதோ கெஞ்சிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் என் கணவர் பேசினார்.

"கம்பியை என்ன பண்ணினே?"

"எந்தக் கம்பி?"

"அட்டை கட்டின கம்பி. முழுசா கழட்டினியா?"

"இல்லீங்க. கத்தரிக்கோலால வெட்டினேன். ஒரு துண்டு வால்வுலயே நின்னுடுச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அது இருக்கட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "வெறும் கம்பி இருந்தா அட்டை எங்கன்னு தேடுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். சின்ன வயசுல சொன்னது. ஞாபகம் இருக்கணும்."

"இருக்குங்க. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

"அட்டை இல்லன்னா பயப்படாதேன்னும் நான்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயந்து வளர்ந்த பெண்ணாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருப்பாள். இவள் அப்பாவை நம்பி வளர்ந்தவள். வெறும் வால்வைப் பார்த்தால், அப்பா சரியென்று சொல்லிவிட்டார் என்றுதான் அவளுக்கு அர்த்தம். சரியில்லை என்று அந்த மனிதர் எழுதிக் கட்டியதை நான் பெட்டிக்கு அலங்காரமாக்கி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

ரயில் போனது. கேட் திறந்தது. மீதிப் பாதையை எப்படிக் கடந்தோம் என்று எனக்கு நினைவில்லை. அவர் அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே ஆட்கள் நிற்பது தெரிந்தது. வீட்டுக்கு வெளியே நாலைந்து பேர் கூடி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? வண்டி நிற்குமுன்பே கதவைத் திறந்தேன். டாக்ஸிக்காரர்தான் என்னைப் பிடித்து இறக்கினார்.

டெய்லர் கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றார், துணி முழுக்க ரத்தம். "கண்ணாடி கிழிச்சிடுச்சுக்கா, போன் வேற சாக்கடையில விழுந்துடுச்சு, உங்க நம்பரும் அதோட போச்சு" என்றார். "உள்ள யாரும் இல்ல. குழாய்தான் திறந்து கிடக்கு, தண்ணி ஓடுது. பாப்பாவைக் காணோம்."

"காணோம்னா?"

"குளியலறையில இல்லக்கா. முன்கதவை மோதிப் பார்த்தோம், அசையல. வீட்டுக்குள்ள எங்கயாவது..."

மயங்கி விழுவதற்கு முன்னால் வெளியே வந்து, கூடத்திலோ படுக்கையறையிலோ விழுந்திருப்பாளா? என் கணவர் முன்கதவில் தோளைக் கொடுத்து மோதினார். அது அவர் கையாலேயே பொருத்திய தாழ், அசையவில்லை. டாக்ஸிக்காரரும் சேர்ந்து மோதினார். நான் பின்பக்கம் ஓடினேன். பக்கத்துச் சந்து பாதியிலேயே முட்டி நின்றுவிடும், எங்கள் வரிசையில் பின்சந்துக்குப் போக வேண்டுமென்றால் ஆறு வீட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பின்கதவுக்குப் போனேன். வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது.

பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு "வாலு! வாலு!" என்று அலறினேன்.

"என்னம்மா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஓர் ஏணி நடந்து வந்தது. அதன் நடுவில் என் மகள். தலையெல்லாம் தூசி, மூக்கில் ஒரு கறுப்புக் கோடு.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? பெயின்ட்டர் வீடு பூட்டிக் கிடந்துச்சு. அவர் வேலை செய்யற இடம் வரைக்கும் நடந்து போய் இதை வாங்கிட்டு வரேன். என்னம்மா இப்படிப் பார்க்கறே?"

நான் போய் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அடுத்த நொடி அவளை ஏணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "பாவி! போனை எடுக்க மாட்டியா! போனை எடுக்க மாட்டியாடி!"

"சார்ஜ் போட்டுட்டு வந்தேன்மா! அடிக்காதே, ஏணி விழுது!"

என் சத்தம் கேட்டு அவர் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். மகளைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல நடந்து வந்து, அவள் தோளிலிருந்த ஏணியை வாங்கிச் சுவரில் சாய்த்தார். அவள் தலையில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

தீயணைப்பு வண்டி அப்போதுதான் வந்தது. அவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். டெய்லரின் கையைக் கழுவி நான் கட்டுப் போட்டேன். "அய்யோன்னு சத்தம் போட்டது யாரு?" என்று கேட்டேன். "நான்தான்கா. கை கிழிஞ்சா சிரிக்கவா முடியும்?" என்றார். எல்லாரும் கலைந்து போன பிறகு நாங்கள் மூன்று பேரும் குளியலறை வாசலில் நின்றோம். தரையெல்லாம் கண்ணாடி. குழாயில் பச்சைத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த குழாயை அரைமணி நேரம் திறந்துவிட வேண்டும், துரு போகும். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஹீட்டர் வால்வில் ஒரு புதிய சிவப்பு அட்டை தொங்கியது. வாலுவின் கையெழுத்து. 'புகைக்குழாய் அடைத்திருக்கிறது. ஏணி வாங்கப் போயிருக்கிறேன். திறக்காதே.'

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று அவர் கேட்டார்.

"கம்பி இருந்துச்சு, அட்டை இல்ல. அட்டை எங்கன்னு தேடினேன், கீழ விழுந்திருக்குமோன்னு. அப்புறம்தான் அம்மா அனுப்பின போட்டோ ஞாபகம் வந்துச்சு. பெட்டியில என்னவோ சிவப்பா இருந்துச்சேன்னு பெருசாக்கிப் பார்த்தேன். எழுத்து தெரியல, ஆனா நம்ம அட்டைதான்னு தெரிஞ்சுது. வெளிய போய்க் கூரையைப் பார்த்தா குழாய் வாயில உங்க பழைய ஸ்வெட்டர் கை தொங்குது." அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "யாருப்பா அட்டையைக் கழட்டினது?"

"நான்தான்" என்றார் அவர்.

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. அட்டை விஷயத்தில் ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதர். அதைச் சொல்லும்போது அவர் முகம் கறுத்துப்போனது. தன் மகள் முன்னால் தன் தொழிலையே எனக்காகக் கீழே போட்டார்.

வாலு வால்வின் பக்கம் குனிந்தாள். "இது வெட்டின கம்பி. நீங்க வெட்ட மாட்டீங்கப்பா. முறுக்கைப் பிரிச்சுதான் எடுப்பீங்க."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

"நான்தான்டி" என்றேன். "படிச்சுட்டுத்தான் வெட்டினேன். மேசைக்குள்ள இருந்த வெறும் அட்டைன்னு அப்பாகிட்ட பொய்யும் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு சிறிய கீறல், ரத்தம் காய்ந்து கோடாக இருந்தது.

"முதல்ல நான் கம்பியைப் பார்க்கலம்மா. அட்டை இல்லன்னு மட்டும்தான் பார்த்தேன். பார்த்துட்டு வால்வைத் திருப்பினேன். பாதி திருப்பிட்டேன். அப்பதான் இது குத்திச்சு."

பாதி. நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். அவசரப்படாமல் நான் ஒழுங்காக வெட்டியிருந்தால், அந்தத் துண்டையும் பிடுங்கி எறிந்திருந்தால், மீதிப் பாதியும் திரும்பியிருக்கும். எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் என்று காலமெல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த அரைகுறைதான் என் பெண்ணை என் கையில் மிச்சம் வைத்தது. விரலை விடு, வலிக்கிறது என்று அவள் சொல்லும் வரை நான் விடவில்லை.

அவர் கூரைமேல் ஏறி ஸ்வெட்டரை உருவிப்போட்டார். கீழே வந்ததும் புது அட்டையைத் தொடவில்லை. வாலு வந்து தன் கையால் முறுக்கைப் பிரித்து எடுக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு குறடை எடுத்து, மிச்சமிருந்த அந்தப் பழைய கம்பித்துண்டைப் பிடுங்கப் போனார்.

"அது இருக்கட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வால்வைத் திருப்புவதற்கு முன்னால் அதன் நுனியில் விரலை வைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் குத்துகிறது.